வாக்குரிமைச் சட்டத்தோடு ஒரு நாள்: கான்பெராவின் பழைய நாடாளுமன்றத்தைப் பார்ப்பது எப்படி

கான்பெராவுக்குச் செல்லும் நம்மவர்களில் பலர், குன்றின்மேல் பெரிய கொடிக்கம்பத்தைத் தாங்கி நிற்கும் புதிய நாடாளுமன்றத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு நேர் கீழே தாழ்ந்து அகன்று நிற்கும் வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 1927 மே 9 அன்று திறக்கப்பட்டு, 1988 வரை ஆஸ்திரேலியக் கூட்டரசின் சட்டங்களை இயற்றிய கட்டடம் அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் போதும் என்று தற்காலிகமாகக் கட்டப்பட்டு, அறுபத்தொரு ஆண்டுகள் உழைத்தது. 2009 மே 9 முதல் அது ஆஸ்திரேலிய மக்களாட்சி அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே ஒரு முழுக் காலைப் பொழுதைச் செலவிட வேண்டும் என்பதும், அதைப் பயனுள்ளதாக ஆக்கிக்கொள்ள ஒரு முறை இருக்கிறது என்பதும் என் கருத்து. அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

சட்ட வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது எளிதன்று. போர் அருங்காட்சியகத்தில் விமானமும் பீரங்கியும் தாமே பேசிக்கொள்ளும். சட்டத்துக்கு உருவம் இல்லை. அது பேச்சாகப் பிறந்து, தாளில் ஏறி, மக்களின் அன்றாட வாழ்வில் கரைந்துபோகிறது. பேசியவர் அமர்ந்த இருக்கையும், வாக்கெடுப்புக்கு அழைத்த மணியும், அந்த ஓசை நிறைந்த அறையும்தான் நமக்கு எஞ்சுகின்றன. முன்தயாரிப்பு இல்லாமல் நுழைபவருக்கு மூன்றாவது அறையிலேயே எல்லா நாற்காலிகளும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கும். முதல்முறை சென்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை ஒரே ஒரு சட்டத்தின் கதையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறையிலும் 'இந்தச் சட்டத்துக்கு இங்கே என்ன நேர்ந்தது' என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். அன்றுதான் அந்தக் கட்டடம் எனக்குப் புரிந்தது.

எந்தச் சட்டத்தை எடுத்துச் செல்வது

தமிழ் வாசகருக்கு நான் பரிந்துரைப்பது வாக்குரிமைச் சட்டம். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. புறப்படுவதற்கு முன் கீழ்வரும் ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

1902-இல் இயற்றப்பட்ட கூட்டரசு வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் அளித்தது. உலகம் அதை வியந்து பார்த்தது. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆஸ்திரேலியத் தொல்குடியினரையும், ஆசியா, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து நீங்கலான பசிபிக் தீவுகள் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்டவர்களையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. மாநிலத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கு அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு பாதுகாப்பு அளித்தது என்றாலும், அதிகாரிகள் அந்தப் பிரிவுக்கு மிகக் குறுகிய பொருளே கொண்டார்கள். அந்நாளில் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இந்தியர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள், வரி கட்டினார்கள், ஆனால் அவர்களில் பலரால் கூட்டரசுத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை.

இந்தக் கதையில் ஒரு தமிழரும் வருகிறார். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1921-இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில் இந்தியாவின் பேராளராக இருந்து, பேரரசின் பிற நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்களின் குடியுரிமைகளை ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்துக்காக வாதாடினார். 1922-இல் அவரே ஆஸ்திரேலியாவுக்கு வந்து பல ஊர்களில் பேசினார். 1924-இல் மெல்பர்னில் வாழ்ந்த மிட்டா புல்லோஷ் என்ற இந்தியர், தம்மைப் பட்டியலில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்று வென்றார். 1925-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இருந்த தடையை நீக்கியது. அப்போது நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடிக்கொண்டிருந்தது. கான்பெராக் கட்டடத்துக்கு இன்னும் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. ஆகவே நீங்கள் அதன் வாசலில் கால் வைக்கும்போது, கதையின் முதற்பகுதி முன்பே முடிந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்தியருக்குத் திறந்த கதவு, அந்த மண்ணுக்கே உரியவர்களுக்கு இன்னும் மூடியே இருந்தது. அந்தக் கதவு திறந்த கதை இந்தக் கட்டடத்துக்குள் நடந்தது.

தாளில் அடுத்து எழுத வேண்டியவை இவை. 1949-இல், தம் மாநிலத்தில் வாக்குரிமை பெற்றிருந்த அல்லது படையில் பணியாற்றிய தொல்குடியினருக்குக் கூட்டரசுத் தேர்தலில் வாக்குரிமை உறுதியானது. 1962-இல் தொல்குடியினர் அனைவருக்கும் அது விரிந்தது. ஆனால் பட்டியலில் பெயர் சேர்ப்பது அவரவர் விருப்பம் என்று விடப்பட்டது. 1973-இல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது. 1984 முதல் தொல்குடியினருக்கும் மற்றவர்களைப் போலவே பெயர்ப்பதிவு கட்டாயமானது. அதே ஆண்டு ஜனவரி 26 முதல், புதிதாகப் பட்டியலில் சேர பிரிட்டிஷ் குடியாக இருந்தால் போதும் என்ற நிலை மாறி, ஆஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும் என்றானது. இன்று குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்துவிட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொரு தமிழரும் அந்தக் கடைசி மாற்றத்தின் கீழ் வருகிறார்.

வேறு சட்டத்தின் கதையைப் பிடித்துச் செல்ல விரும்புபவருக்கு 1901-ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உண்டு. வந்திறங்குபவரிடம் ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் செய்து, எழுதத் தவறியவரைத் திருப்பி அனுப்ப அச்சட்டம் வழிவகுத்தது. எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்யலாம் என்பதில்தான் அதன் கொடுமை அடங்கியிருந்தது. அந்தத் தேர்வை ஒழித்த 1958-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இந்தக் கட்டடத்தில்தான் நிறைவேறியது. எந்தச் சட்டமானாலும் ஒன்று போதும். இரண்டை எடுத்துச் சென்றால் இரண்டும் கலங்கிவிடும்.

புறப்படுமுன் ஒரு மணி நேரப் படிப்பு

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகளுக்கு ஹன்சார்ட் என்று பெயர். 1901 முதலான குறிப்புகளை நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் தேதி வாரியாக எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். மொத்தமாகப் படிக்க முயல வேண்டாம். ஒரு மசோதா ஒவ்வோர் அவையிலும் மூன்று வாசிப்புகளைக் கடக்கிறது. முதல் வாசிப்பு பெரும்பாலும் தலைப்பை அறிவிப்பதோடு முடிந்துவிடும். இரண்டாம் வாசிப்பில்தான் அமைச்சர் எழுந்து, இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்வார். எதிர்க்கட்சியும் தன் நிலையைச் சொல்லும். ஆகவே நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது, 1962-ஆம் ஆண்டு கூட்டரசுத் தேர்தல் சட்டத்திருத்த மசோதாவின் இரண்டாம் வாசிப்பு உரையை மட்டுமே. சில பக்கங்கள்தாம். அந்தச் சொற்கள் எழுந்த அறையில் மறுநாள் நிற்கும்போது, அமைதியாகத் தோன்றும் இருக்கைகள் அப்படி அமைதியாகத் தோன்றாது.

குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் அவர்களுக்கு வாக்களிக்கும் வயதைப் பற்றி மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். பதினெட்டு வயதில் போருக்கு அனுப்பலாம், ஆனால் வாக்குச் சாவடிக்குள் விட முடியாது என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது என்று சொன்னால், பத்து வயதுப் பிள்ளையும் கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். சிறுவர்கள் விளையாடிக் கற்பதற்கென்றே அங்கே தனி இடமும் இருக்கிறது.

நாளும் நேரமும்

சிட்னியிலிருந்து சாலைவழியே கான்பெரா சுமார் மூன்று மணி நேரப் பயணம். கிறிஸ்துமஸ் நாள் தவிர ஆண்டு முழுவதும் அருங்காட்சியகம் திறந்திருக்கும். வழிகாட்டியுடன் செல்லும் சுற்று எத்தனை மணிக்கு என்பதை முதல்நாளே அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இயன்றால் நாடாளுமன்றம் கூடும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தொடர் அட்டவணை ஆண்டுத் தொடக்கத்திலேயே வெளியாகிவிடும். அப்படிச் செய்தால் காலையில் பழைய கட்டடத்தையும், பிற்பகல் 2 மணிக்குப் புதிய கட்டடத்தில் நடக்கும் கேள்வி நேரத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் இடையில் நடந்தே செல்லும் தொலைவுதான், சற்று மேடு. மக்கள் பிரதிநிதிகள் அவையின் கேள்வி நேரத்துக்குப் பார்வையாளர் மாடத்தில் இடம் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை காலைக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கனமான மேற்சட்டை தேவை.

அவைகளுக்குள்

நுழைந்தவுடன் படியேறினால் மன்னர் மண்டபம் வரும். நடுவில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெண்கலச் சிலை நிற்கிறது. கீழவையான மக்கள் பிரதிநிதிகள் அவை (பச்சை அவை) ஒருபுறம், மேலவையான செனட் (சிவப்பு அவை) மறுபுறம், இடையில் இந்த மண்டபம் என்பதே கட்டடத்தின் அமைப்பு. வலப்பக்கம் போகலாமா, இடப்பக்கம் போகலாமா என்று திகைக்காமல் பச்சை அவைக்கே முதலில் செல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் அரசை அமைப்பதும் கவிழ்ப்பதும் அந்த அவையின் வேலை. கீழவைக்குப் பச்சை, மேலவைக்குச் சிவப்பு என்ற வழக்கம் லண்டனிலிருந்து வந்தது. தில்லியிலும் அதே நிறங்கள்தாம். தில்லியின் வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடமும் அதே 1927-ஆம் ஆண்டில், ஜனவரி 18 அன்று திறக்கப்பட்டது என்பதை இங்கே நின்று நினைக்கும்போது, ஒரே பேரரசு ஒரே ஆண்டில் எழுப்பிய இரண்டு மன்றங்களில் ஒன்று மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கும் மற்றொன்று வைசிராயின் ஆட்சிக்கும் உரியதாக இருந்தது மனத்தில் தைக்கிறது.

பச்சை அவையில் முதலில் பார்க்க வேண்டியது அவைத்தலைவரின் நாற்காலி. அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கருத்த ஓக் மரத்தில், கோயில் தேரைப் போல் உயர்ந்து, தலைக்குமேல் விதானம் கவிந்த நாற்காலி அது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஆகஸ்டஸ் பூஜின் வடிவமைத்திருந்த நாற்காலியை அப்படியே பார்த்துச் செய்து, 1926-இல் பிரிட்டனிலிருந்து அன்பளிப்பாக அனுப்பினார்கள். உச்சியில் செதுக்கப்பட்டிருக்கும் அரச சின்னத்தைப் பாருங்கள்: அந்த மரம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் பதினான்காம் நூற்றாண்டுக் கூரையிலிருந்து எடுக்கப்பட்டது. கை வைக்கும் இடத்தில் கீல் வைத்து மடிக்கும் பலகைகளைப் பாருங்கள்: அவை டிரஃபால்கர் போரில் நெல்சன் ஏறி நின்ற விக்டரி கப்பலின் மரம். 1941-இல் ஜெர்மானியக் குண்டு வீச்சில் லண்டனின் மூல நாற்காலி அழிந்துபோனது. நகல் இங்கே நிலைத்துவிட்டது. பின்னர் அங்கே அவையைத் திரும்பக் கட்டியபோது, அதன் அவைத்தலைவருக்குப் புதிய நாற்காலியை ஆஸ்திரேலியா தன் மரத்தில் செய்து அனுப்பியது. சட்டமும் இப்படித்தான் பயணம் செய்தது என்று எனக்குத் தோன்றும். லண்டனிலிருந்து வடிவம் வந்தது. உள்ளே எதை வைப்பது என்பதை இங்குள்ளவர்கள் தீர்மானித்தார்கள். 1902-இல் யாரை வெளியே வைப்பது என்பதையும் அவர்களேதான் தீர்மானித்தார்கள்.

நாற்காலியைப் பார்த்தபின் அதற்கு முதுகு காட்டி நின்று அவையைப் பாருங்கள். அப்போது உங்கள் வலப்புறம் ஆளுங்கட்சி, இடப்புறம் எதிர்க்கட்சி. இருக்கைகள் குதிரை லாட வடிவில் வளைந்து செல்கின்றன. 1927-இல் இங்கே அமர்ந்தவர்கள் 76 பேர். 1984 தேர்தலுக்குப் பின் 148 பேர். கூடுதலாக இருக்கைகளை எங்கெங்கே நுழைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால், புதிய கட்டடம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எந்த விளக்கப் பலகையும் வேண்டியதில்லை.

அந்த 76 பேரில் ஒருவர் மற்றவர்களைப் போன்றவர் அல்லர். மாநிலமாக இல்லாமல் கூட்டரசின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதியான வடக்கு ஆட்புலத்தின் உறுப்பினர் அவையில் அமரலாம், பேசலாம். ஆனால் வாக்களிக்க முடியாது. படிப்படியாகத் தளர்த்தப்பட்ட அந்தத் தடை 1968-இல்தான் முழுமையாக நீங்கியது. சட்டம் வீதியில் நின்றவர்களை மட்டும் தடுக்கவில்லை, அவைக்குள் அமர்ந்திருந்த ஒருவரின் கையையும் கட்டியிருந்தது. இதை நினைவில் வையுங்கள்; பிற்பகலில் மீண்டும் தேவைப்படும்.

அடுத்து, 1974 ஆகஸ்டு 6, 7 ஆகிய இரண்டு நாள்களை இதே அறையில் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு அவைகளும் ஒரு மசோதாவில் தொடர்ந்து முரண்பட்டால், இரண்டையும் கலைத்துத் தேர்தல் நடத்தி, அதன் பிறகும் முரண்பாடு நீடித்தால் கூட்டுக் கூட்டம் நடத்தலாம் என்று அரசியலமைப்பின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின்படி இதுவரை நடந்த ஒரே கூட்டுக் கூட்டம் அது. பிரதிநிதிகள் 127 பேரும் செனட்டர்கள் 60 பேரும் இந்த அறைக்குள் நெருக்கியடித்து அமர்ந்தார்கள். கூட்டரசு நாடாளுமன்ற நடவடிக்கை முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் அப்போதுதான். நிறைவேறிய ஆறு மசோதாக்களில் பொது மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தவற்றையே பலரும் சொல்வார்கள். வாக்குரிமையின் கதையைப் பிடித்து வருபவருக்கு வேறு இரண்டு முக்கியம். ஒன்று, தொகுதிகளுக்கிடையே வாக்காளர் எண்ணிக்கை வேறுபாட்டைக் குறைத்தது. மற்றொன்று, தலைநகர ஆட்புலத்துக்கும் வடக்கு ஆட்புலத்துக்கும் இரண்டிரண்டு செனட்டர்களை அளித்தது. அதுவரை நாடாளுமன்றத்தின் வாசலிலேயே குடியிருந்த கான்பெராக்காரருக்குச் செனட்டில் ஆள் இல்லை.

அறையைவிட்டு வெளியே வருமுன் சுவர்க் கடிகாரங்களைக் கவனியுங்கள். வாக்கெடுப்புக்கான மணி ஒலிக்கும்போது, எந்த அவை அழைக்கிறது என்பதைப் பச்சை அல்லது சிவப்பு விளக்கு காட்டும். உறுப்பினர் எந்த மூலையில் இருந்தாலும் சில நிமிடங்களுக்குள் அவைக்கு ஓடிவந்துவிட வேண்டும். கதவு பூட்டிய பிறகு வந்தால் வாக்கு இல்லை. இந்தக் கட்டடத்தின் இடைவழிகள் எல்லாம் அந்த ஓட்டத்தைக் கணக்கில் கொண்டு புரிந்துகொள்ள வேண்டியவை.

சிவப்பு அவைக்குள் செல்லும்போது இரண்டு பெயர்களைக் கொண்டு செல்லுங்கள். 1902-இலேயே தேர்தலில் நிற்கும் உரிமை பெற்றும், பெண் ஒருவர் கூட்டரசு நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினராக நுழைய 1943 ஆனது. அந்த ஆண்டு டோரதி டாங்னி இந்தச் செனட்டுக்கும், எனிட் லயன்ஸ் பக்கத்துப் பச்சை அவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். உரிமை தாளில் ஏறியதற்கும் ஓர் ஆள் இருக்கையில் அமர்ந்ததற்கும் இடையே நாற்பத்தொரு ஆண்டுகள். இரண்டாவது பெயர் நெவில் பானர். தொல்குடி மக்களில் முதன்முதலாக நாடாளுமன்ற உறுப்பினரானவர். குவீன்ஸ்லாந்தின் சார்பில் 1971-இல் இந்த அவையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். 1962-க்கும் 1971-க்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

1967 பற்றியும் இங்கேயே ஒரு சொல். தொல்குடியினர் அந்த ஆண்டின் பொதுவாக்கெடுப்பில்தான் வாக்குரிமை பெற்றார்கள் என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. வாக்குரிமை 1962-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. 1967-இல் மக்கள் 90.77 விழுக்காட்டு ஆதரவுடன் செய்தது, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது தொல்குடியினரை விலக்கிய 127-ஆம் பிரிவை அரசியலமைப்பிலிருந்து நீக்கியதும், அவர்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டரசுக்கும் அளித்ததும் ஆகும். நாடாளுமன்றம் தானே மாற்றக்கூடிய சட்டம் எது, மக்களைக் கேட்காமல் மாற்ற முடியாத சட்டம் எது என்ற வேறுபாடு இந்த இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெளிவாகிவிடும். இதுவரை நடந்த 45 அரசியலமைப்புப் பொதுவாக்கெடுப்புகளில் 8 மட்டுமே வென்றிருக்கின்றன.

விளக்கப் பலகை எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும், அதில் 'மக்களுக்கு', 'பெண்களுக்கு', 'எல்லோருக்கும்' என்ற சொற்களைக் கண்டால் நின்று, எந்த மக்களுக்கு என்று கேட்டுப் பழகுங்கள். 1902 என்ற ஓர் ஆண்டே அந்தப் பழக்கத்தின் தேவையை உணர்த்தப் போதுமானது. பலகையில் விடை இல்லையென்றால் வழிகாட்டியைக் கேளுங்கள். குறிப்பான கேள்வி கேட்பவரைக் கண்டால் அவர்கள் மகிழ்ந்து நேரம் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரதமரின் அலுவலகம், அமைச்சரவை அறை, செய்தியாளர்கள் நெருக்கியடித்து வேலை பார்த்த அறைகள் ஆகியவற்றை இதன்பிறகு விரைவாகவே பார்த்துவிடலாம். பிரதமரின் மேசையருகே கூட்டம் சேரும். எனக்கு அதைவிடச் செய்தியாளர் அறைகளின் குறுகலே முக்கியமாகப் படுகிறது. அமைச்சரும் செய்தியாளரும் ஒரே இடைவழியில் தோள் உரசிச் செல்ல வேண்டியிருந்த கட்டடம் இது. இங்கே எதையும் நெடுநேரம் மறைத்து வைப்பது எளிதாக இருந்திருக்காது.

முன்படிகளில் அரை மணி நேரம்

உள்ளே வரும்போது அவசரமாக ஏறிவந்த முன்படிகளுக்குத் திரும்பி வந்து, ஓரமாக உட்காருங்கள். எதிரே புல்வெளி, அதற்கப்பால் ஏரி, அக்கரையில் போர் நினைவகம். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்.

1975 நவம்பர் 11 அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. பிரதமர் காஃப் விட்லமின் நிதி மசோதாக்களை எதிர்க்கட்சியின் பிடியில் இருந்த செனட் அக்டோபர் நடுவிலிருந்து நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்திருந்தது. அன்று மதியம் அரசியின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் ஜான் கெர் அவரைப் பதவி நீக்கி, எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசரைத் தற்காலிகப் பிரதமராக்கினார். பிற்பகலில் சிவப்பு அவை அதே நிதி மசோதாக்களை நிறைவேற்றியது. பச்சை அவை ஃபிரேசர்மீது நம்பிக்கை இல்லை என்று தீர்மானித்தது. ஆனால் அந்தத் தீர்மானம் தலைமை ஆளுநரின் கைக்குப் போய்ச் சேருமுன், மாலை 4.45 மணிக்கு அவருடைய செயலர் இதே படிகளில் நின்று, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது என்ற அறிவிப்பைப் படித்தார். அவருக்குப் பின்னால் விட்லம் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் காலையில் பார்த்த இரண்டு அறைகளும் ஒரே பிற்பகலில் எதிரெதிர்த் திசையில் இழுத்தன என்பது, இரண்டையும் பார்த்த பிறகு படியில் அமரும்போதுதான் முழுதாக விளங்கும்.

இதே படிகளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1927-இல் திறப்பு விழாவுக்கு விராஜுரி என்ற தொல்குடி இனத்து முதியவரான ஜிம்மி கிளெமென்ட்ஸ் நெடுந்தொலைவு நடந்து வந்திருந்தார். உடை சரியில்லை என்று காவலர் அவரை விலகச் சொன்னபோது, கூடியிருந்த மக்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். அவர் அங்கேயே இருந்தார். அன்று அவருக்குக் கூட்டரசுத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது.

படிகளுக்கு எதிரே புல்வெளியில் தெரியும் கூடாரங்களும் பதாகைகளும் தொல்குடியினர் கூடாரத் தூதரகம். நில உரிமையை அரசு மறுத்ததைக் கண்டித்து, 1972 ஜனவரி 26 அன்று நான்கு இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டுத் தொடங்கியது. அது அருங்காட்சியகத்தின் காட்சிப்பொருள் அல்ல. இன்றும் மனிதர்கள் இருக்கும் போராட்டக் களம். அங்கே எரியும் நெருப்பு அவர்களுக்குப் புனிதமானது. மரியாதையோடு அணுகி, வணக்கம் சொல்லி, இசைவு கேட்ட பிறகே படம் எடுங்கள். பேச விருப்பம் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், காட்டாவிட்டால் விலகிவிடுங்கள்.

பிற்பகல்: மரப்பட்டை மனுக்கள்

கேள்வி நேரத்துக்குச் சற்று முன்னதாகவே புதிய நாடாளுமன்றத்துக்குச் சென்று, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட ஆங்கில உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 1297-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று அங்கே இருப்பதையும் பார்க்கலாம். ஆனால் நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு யிர்க்காலா மனுக்களிடம் செல்லுங்கள்.

வடக்கு ஆட்புலத்தின் ஆர்னம் லாந்தில் உள்ள யிர்க்காலாவில் யோல்ங்கு என்ற தொல்குடி மக்களின் நிலத்தில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் அவர்களைக் கேளாமலே பாக்சைட் சுரங்கத்துக்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1963 ஆகஸ்டில் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். கண்ணாடிக்கு மிக அருகில் சென்று பாருங்கள். நடுவில் தட்டச்சு செய்த தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் அவர்கள் மொழியும் ஆங்கிலமும் இருக்கின்றன. நாடாளுமன்றத்துக்குரிய மனுவின் வாசகமும் மரபு மாறாமல் இருக்கிறது. அந்தத் தாளைச் சுற்றி மரப்பட்டையில், அவர்களுடைய இரு பெரும் பிரிவுகளான துவா, யிரிச்சா ஆகியவற்றின் உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன: ஒரு மனுவில் ஒரு பிரிவு, மற்றதில் மற்றது. தாளில் கேட்டதை நிறுவும் நிலப் பத்திரம் அந்த ஓவியங்கள். மனு எழுதத் தெரிந்தவர்களின் சட்டமும், மனு எழுதுவதற்கு முன்பே இருந்த சட்டமும் ஒரே பலகையில் இருக்கின்றன.

முதல் மனுவைப் பச்சை அவையில் வைத்தவர் வடக்கு ஆட்புலத்தின் உறுப்பினர். அவருக்கு அன்றும் முழு வாக்குரிமை இல்லை. அவை ஒரு குழுவை அமைத்தது, இழப்பீடு தர வேண்டும், புனித இடங்களைக் காக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது, சுரங்கம் நிற்கவில்லை. யோல்ங்கு மக்கள் நீதிமன்றம் சென்று 1971-இல் தோற்றார்கள். வடக்கு ஆட்புலத்துக்கான தொல்குடியினர் நில உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் 1976-இல், நீங்கள் காலையில் நின்ற அந்த இரண்டு அறைகளில் நிறைவேற்றியது. உங்கள் தாளில் 1962-க்குக் கீழே 1963 என்றும், 1973-க்குக் கீழே 1976 என்றும் எழுதிக்கொண்டு மாடத்துக்கு ஏறுங்கள். இரண்டு மணிக்கு மணி ஒலிக்கும். கடிகாரத்தில் பச்சை விளக்கு எரியும்.